என் வீட்டுக்காரி புஸ்தகத்துல நான் வர்ற இடம்

என் ஜீப்புல ஏறினவுக சிரிக்காம எறங்கினதில்லை. ரோடு சரியில்லாததுக்கும் சீட்டுல பஞ்சு இல்லாததுக்கும் சேத்து நான்தான் சிரிப்புக் காட்டியாகணும். மறையூர்ல ஜீப் ஓட்டுற எவனும் கல்லுல அடுக்கின பழைய முனியறையைக் காட்டுவான், சந்தனக்காட்டைக் காட்டுவான், சர்க்கரை காய்ச்சுற எடத்தைக் காட்டுவான். நான் மட்டும் கூடுதலா என்னையும் காட்டுவேன். அதுக்குத் தனி டிக்கெட் கிடையாது.

அன்னைக்கு ஏறினது கோவிந்தாபுரத்துக் குடும்பம். பாலக்காட்டுக்குக் கெழக்க, மாந்தோப்பு வச்சிருக்கவுக. பெரியவர் முன் சீட்டுல. பின்னால அவரு சம்சாரம், மகன், மருமக கவிதா. கவிதா கையில ஒரு புஸ்தகம் இருந்துச்சு. ஏறும்போதே எங்கிட்ட வாங்கினது.

ஆமா, நான் புஸ்தகம் விக்கிறேன். டேஷ்போர்டுல சர்க்கரை உருண்டைப் பாக்கெட்டுக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருக்கேன். என் வீட்டுக்காரி செல்லத்தாய் எழுதினது. எஸ்டேட்டுல கொழுந்து எடுத்த காலத்தைப் பத்தி எழுதியிருக்கா. போன மழைக்கு அப்புறம்தான் அச்சாகி வந்துச்சு.

சந்தனக்காட்டு வேலி ஓரமா வண்டியை உருட்டிக்கிட்டே யானைக் கதையை எடுத்து விட்டேன். அதுதான் என் கடையில நல்லா ஓடுற சரக்கு.

"கேளுங்க சாமி. காலையில ஒரே பனி. எங்க வீட்டம்மா கூடையை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போறா. வளைவுல திரும்பினா கொம்பன் நிக்குது. யாருக்குப் பயம்? யானைக்கு! அய்யய்யோ செல்லத்தாய் வந்துட்டாளேன்னு அது ஓடப் பாக்குது. இவ அதுக்கு முந்தி ஓடுறா. கூடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். கடைசியில தண்ணி போற காணுக்குள்ள போயி மல்லாந்துட்டா. யானை எட்டிப் பாத்துட்டு, ச்சே, இதையா தொரத்தினோம்னு திரும்பிப் போயிருச்சு!"

இந்த எடத்துல ஹாரனை யானை மாதிரி அடிப்பேன். பெரியவருக்குச் சிரிச்சுச் சிரிச்சு பொரை ஏறிருச்சு. அவரு சம்சாரம் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாக. மகன் போன்ல வீடியோ எடுத்தான்.

கவிதா மட்டும் தலையைத் தூக்கல.

"ஏனுங்ணா, இந்த யானை விசயம் புக்குல வேற மாதிரி இருக்குதுங்களே?"

"புஸ்தகம்னா அப்படித்தாம்மா. கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்."

"நீங்க இதைப் படிச்சீங்களா?"

"படிக்காமயா? அதுல ஹீரோவே நான்தானே."

அவுக பக்கத்தைப் புரட்டினாக. முன்னால போனாக, பின்னால வந்தாக. "நீங்க வர்றது ஒரே ஒரு எடந்தானுங்ணா."

"அட விடு கண்ணு, வண்டி ஓட்டற மனுசனைப் போயி நோண்டிட்டு," அப்படின்னாக மாமியார்.

நான் விடல. "என்னன்னு எழுதியிருக்கா? சத்தமா வாசிம்மா, எல்லாரும் கேக்கட்டும்."

"வீட்டுக்காரர் நன்றாகக் கதை சொல்வார். இவ்வளவுதானுங்க."

"பாத்தீகளா! கவர்மெண்ட் சீல் குத்தின சர்டிபிகேட்!"னு நான் இன்னொரு தடவை ஹாரன் அடிச்சேன். மறுபடி எல்லாரும் சிரிச்சாக. கவிதா புஸ்தகத்தை மூடி மடியில வச்சுக்கிட்டு மரத்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டாக.

எறங்கும்போது எங்கிட்ட வந்து, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னாக: "அந்த வரிக்கு மேல இருக்கறதையும் கீழ இருக்கறதையும் ஒருக்காப் படிச்சுப் பாருங்ணா."

எனக்குக் காது சூடாயிருச்சு. என்ன விசயம்னு தெரியாமயே வெக்கம் வந்தது அதுதான் மொதல் தடவை.

நானும் எழுத்தும்

ஸ்கூல் வாசல் வரைக்கும் நானும் போயிருக்கேன். ஆட்டை ஓட்டிக்கிட்டு. ஆடு உள்ள போயிருச்சு, நான் போகல.

கையெழுத்துப் போடுவேன். அதை எழுத்துன்னு சொல்ல முடியாது, படம் வரையிறதுன்னு வச்சுக்கோங்க. பஸ்ஸை நெறத்தை வச்சுக் கண்டுபிடிப்பேன். எங்க ஊருல தமிழ் பெருசா மலையாளம் பெருசான்னு டீக்கடையில அடிக்கடி முட்டிக்குவாய்ங்க. எனக்கு ரெண்டு எழுத்தும் தெரியாததுனால நான் யாருக்கும் துரோகம் பண்ணினதில்லை.

பத்திரிகையில வர்ற இந்தத் தொடரை எப்படி எழுதுறேன்னு சில பேரு கேக்குறீக. நான் எழுதுறது எங்க? போன்ல பேசி அனுப்புறேன், பத்திரிகை ஆபீஸ்ல அதை எழுத்தா மாத்திக்கிடுறாக. நடுவுல நான் விடுற கொட்டாவியை எடுத்துடுவாக போல.

இந்த வாரம் அங்கேருந்து ஒரு உத்தரவு. "இது புஸ்தக வாரம். புதுசா வந்ததுல படிக்க வேண்டிய நல்ல புஸ்தகங்களைப் பத்திச் சொல்லுங்க. கதையும் வேணும், கதை இல்லாததும் வேணும்."

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன். நடக்காததை எழுதினா அது கதை, நடந்ததை எழுதினா அது மத்ததுன்னாக. அப்ப நான் ஜீப்புல சொல்றது எந்த ஜாதியில சேரும்னு கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன். போனை வச்சதுக்கு அப்புறம் எனக்குச் சிரிப்பு வரல.

போனுக்குப் படிப்பு இருக்கு

எங்க ஊரு வாயனசாலைக்கு, அதான் லைப்ரரிக்கு, செக்ரட்டரி தாமஸ் மாஷ். ரிட்டயர் ஆன வாத்தியாரு, மலையாளி. தமிழைக் கொஞ்சம் கடிச்சுக் கடிச்சுப் பேசுவாரு. ஊருல எனக்கு எழுத்து வராதுன்னு தெரிஞ்சும் அதைச் சொல்லிச் சிரிக்காத ஆளு அவரு ஒருத்தருதான். அவருதான் என் போன்ல ஒரு வித்தையைப் போட்டுக் குடுத்தாரு. புஸ்தகத்தைப் போட்டோ புடிச்சா அது வாசிக்கும்.

"கருப்பசாமி, இனி நிங்கள் யாரையும் எதிர்பாக்க வேண்டா. கேட்டா போதும்."

அது வாசிக்கிற லட்சணத்தைக் கேக்கணுமே. நியூஸ் படிக்கிற அம்மா மாதிரி ஒரு குரல். சாவு வந்தாலும் கல்யாணம் வந்தாலும் ஒரே தொனி. பக்கத்துக்கு மேல போட்டிருக்கிற தலைப்பு, கீழ போட்டிருக்கிற நம்பர், எதையும் விடாது. காதலன் கையைப் பிடிக்கப் போறான், உடனே "நூற்றி நான்கு"ங்கும்.

அப்படிக் கேட்டதுல உங்களுக்கு மூணு சொல்றேன்.

ஒண்ணு நாவல். சாப்பாடு கொண்டு போயிக் குடுக்கிற பையன் ஒருத்தன் பெரிய அடுக்குமாடியில வழி தெரியாம மாட்டிக்கிறான். ஒவ்வொரு மாடியிலயும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு கூத்து. சாப்பாடு ஆறிக்கிட்டே இருக்கு. எனக்கு அந்தப் பையனை விட அந்தச் சாப்பாட்டு மேலதான் கவலை. நல்ல நாவல். பசியோட கேக்காதீக.

இன்னொண்ணு கதை இல்லாதது. கேரளாவுல பொறந்து கெழக்க ஓடுற ஆறுகளைப் பத்தி. எல்லா ஆறும் மேக்க பாத்து ஓடுது, மூணு மட்டும் கெழக்க திரும்பிருச்சாம். அதுல ஒண்ணு எங்க பாம்பாறு. தெனமும் வண்டி கழுவுற ஆத்துக்கு இவ்வளவு சரித்திரம் இருக்கும்னு எனக்குத் தெரியாது. அதைக் கேட்டதுலேருந்து ஆத்துக்குள்ள வண்டியை விடக் கூச்சமா இருக்கு.

மூணாவது என் வீட்டுக்காரி எழுதினது.

அதைக் கடைசியாத்தான் கேட்டேன். அச்சாகி வந்தப்பவே போன்ல வித்தை இருந்துச்சு. ஆனா கேக்கணும்னு தோணல. என் பொண்டாட்டி எழுதினதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகுதுன்னு ஒரு நெனப்பு.

ஹீரோ

செல்லத்தாய் எட்டாவது வரைக்கும் படிச்சவ. கொழுந்து வேலையை விட்டுட்டு இப்ப அங்கன்வாடியில ஹெல்பரா இருக்கா. வாயனசாலையில பொம்பளைங்க எல்லாம் கூடி எழுதிப் பழகினாக, அதுல இவளும் சேந்தா. வீட்டுப் படியில உக்காந்து போன்ல தட்டிக்கிட்டே இருப்பா. "யாரு, கலெக்டருக்கா மெசேஜு?"ன்னு கேப்பேன். நானே ஒரு பதிலும் சொல்லி நானே சிரிச்சுக்குவேன்.

புஸ்தகம் வந்த அன்னைக்கு ஊரெல்லாம் நான்தான் சொன்னேன். "என்னைப் பத்தித்தான் எழுதியிருக்கா. முழுக்க முழுக்க நான்தான். யானை, சிறுத்தை, எஸ்டேட் மேனேஜரு, எல்லாரையும் நான் சமாளிக்கிற கதை." ஆட்டோ ஸ்டாண்டுல என்னை ஹீரோன்னு கூப்பிட ஆரம்பிச்சாய்ங்க. நானும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

வாசிச்சவுக எங்கிட்ட ஒரு மாதிரி அடக்கமாப் பேசினாக. ஆனைக்கரையில ஏலக்காய் ஸ்டோர்ல வேலை பாக்குற என் மச்சினன், வாயத் தொறந்தா என்னைய வம்பிழுக்கிறவன், போன் பண்ணி, "நல்லா இருக்கீகளா மாமா"ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சுட்டான். ஹீரோவுக்கு மரியாதை கூடிருச்சுன்னு நெனச்சேன்.

கவிதா சொல்லிட்டுப் போனதுக்கு மறுநாள் ஓட்டம் ஒண்ணும் கெடைக்கல. வண்டியை ஒரு பாறைக்குப் பக்கத்துல ஓரம் கட்டி, புஸ்தகத்தை ஸ்டீரிங் மேல விரிச்சு, ஒவ்வொரு பக்கமாப் போட்டோ புடிச்சேன். போன்ல இருக்கிற அந்த அம்மா வாசிச்சுக்கிட்டே வந்துச்சு.

யானை வந்துச்சு. வளைவும் பனியும் அதே மாதிரி. கூடை விழுந்ததும் அதே மாதிரி. அதுக்கு அப்புறம் நான் சொல்ற கதை இல்லை.

"கொம்பன் போன பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சேலை நனைந்திருந்தது. அது பனி இல்லை. பின்னால் வந்த பெண்கள் தாங்கள் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து என் இடுப்பில் சுற்றித் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சொல்லும்போதும் பல் அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் பால் வாங்கக் கடைக்குப் போனேன். கடையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் யானை மாதிரிப் பிளிறிக் காட்டினார். நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் நன்றாகக் கதை சொல்வார். எழுபத்து மூன்று. அதற்குப் பிறகு, பயந்த விஷயம் எதையும் நான் வீட்டில் சொல்வதில்லை."

எழுபத்து மூணுங்கிறது பக்க நம்பர். அந்த அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது பாருங்க.

அந்தக் கடையில கதை சொல்லிக்கிட்டு இருந்தது யாருன்னு உங்களுக்கே தெரியும். அன்னைக்கு எனக்குச் சுடச்சுட ஒரு டீயும் வடையும் சும்மா கெடைச்சுது. அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. அவ பல்லு அடிச்சது ஞாபகம் இல்லை. நெசமா இல்லை. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன்.

மிச்சத்தையும் கேட்டேன். மகளுக்கு ஜுரம் ஏறிக் கண்ணு சொருகினது, சூப்பர்வைசர் ஒருத்தன் வழியை மறிச்சுக்கிட்டு நின்னது, மார்ல கட்டின்னு மதுரைக்குப் போயிக் காட்டி ஒண்ணுமில்லைன்னு வந்தது. எங்கிட்ட அப்ப என்ன சொன்னா தெரியுமா? அக்கா மக சடங்குன்னா. நான் அதுக்கும் என்னமோ கிண்டல் பண்ணி பஸ் ஏத்தி விட்டேன்.

எல்லாம் என் வீட்டுல நடந்தது. நான் டூரிஸ்ட்டு மாதிரி உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்.

திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். குடிகாரன், ஊதாரி, வாயாடின்னு நாலு பக்கம் எழுதியிருந்தா அதையும் ஜீப்புல சொல்லி நாலு பேரைச் சிரிக்க வச்சிருப்பேன். அவ அதுக்கும் எடம் வைக்கல.

ஹாலு நெறைய சனம்

அந்த ஞாயித்துக்கிழமை வாயனசாலையில புஸ்தக சர்ச்சை வச்சிருந்தாக. அவ புஸ்தகத்தைப் பத்தி எல்லாரும் கூடிப் பேசுற கூட்டம். மாஷ் எனக்கும் ஒரு பேச்சுப் போட்டு வச்சிருந்தாரு. நான்தான் அதுக்கு முந்தியே மூணு நாளு அவரைத் தொல்லை பண்ணி எடம் புடிச்சது.

அன்னைக்கு வயித்து வலின்னு படுத்துக்கிடலாம்னு பாத்தேன். செல்லத்தாய் இஸ்திரி போட்ட வேட்டியை எடுத்துக் கட்டில் மேல வச்சுட்டுப் போனா. கட்டிக்கிட்டேன்.

மேடையில அவ ஓரமா உக்காந்திருந்தா. மூணு பேரு மலையாளத்துல பேசினாக, ரெண்டு பேரு தமிழ்ல பேசினாக. ஒரு டீச்சரம்மா எழுபத்து மூணாம் பக்கத்தைச் சொல்லிட்டு, மேல பேச முடியாமத் தண்ணி குடிச்சாக. எனக்கு நாற்காலி முள்ளு மாதிரி இருந்துச்சு.

மாஷ் மைக்கைப் புடிச்சாரு. "இனி நம்முடெ ஹீரோ, ஸ்ரீ கருப்பசாமி."

கைதட்டு. விசில். நான் ஏறினேன். மைக்கைப் புடிச்சேன். ஒண்ணும் வரல.

நம்புங்க, வாழ்க்கையில எனக்கு வாய் வராம நின்னதில்லை. சும்மா நின்னேன். வேட்டியைச் சரி பண்ணினேன். மறுபடி மைக்கைப் பாத்தேன்.

முன் வரிசையில ஒருத்தன் சிரிச்சான். அடுத்தவன் சிரிச்சான். அப்புறம் ஹாலே சிரிக்குது. நான் புதுசா என்னமோ சேட்டை பண்றேன்னு நெனச்சுக்கிட்டாய்ங்க. "இல்லைப்பா, நெசமாத்தான்"னேன். அதுக்கு இன்னும் பெருசாச் சிரிப்பு.

பின்னாலேருந்து ஆட்டோ ஸ்டாண்டு செல்வம் கத்துறான்: "அண்ணே, அந்த யானைக் கதையை எடுத்து விடுங்கண்ணே!"

"யானைக் கதை! யானைக் கதை!" நாலு பக்கமும் அதே சத்தம். எவனோ பிளிறியும் காட்டிட்டான்.

அந்த டீச்சரம்மா சொல்லி இன்னும் அரை மணி நேரம் ஆகல. இவனுக யாரும் கெட்டவய்ங்க இல்லை. பதினஞ்சு வருசமா நான் பழக்கினது.

செல்லத்தாயைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கல. மேசையில இருந்த புஸ்தகங்களை ஓரம் பிசகாம அடுக்கிக்கிட்டு இருந்தா. அடுக்கினதையே கலைச்சு மறுபடி அடுக்கினா.

நான் சொல்ல ஆரம்பிச்சா அவ சிரிப்பா. அதுவும் எனக்குத் தெரிஞ்சுது. அன்னைக்குக் கடையில சிரிச்ச மாதிரியே சிரிப்பா.

"அந்தக் கதை எனக்குத் தெரியாது,"ன்னேன். "அது நடந்தப்ப நான் அங்க இல்லை. தெரிஞ்சவ இங்க உக்காந்திருக்கா. புஸ்தகத்துல இருக்கு, படிச்சுக்கோங்க."

அதுக்கும் சிரிச்சாய்ங்கய்யா! கைதட்டிச் சிரிச்சாய்ங்க. மாஷ் மட்டும் சிரிக்கல. என் கையிலேருந்து மைக்கை மெதுவா வாங்கிக்கிட்டாரு. நான் எறங்கி, வாசல்ல கெடந்த செருப்புல எது என்னுதுன்னு தெரியாமக் கொஞ்ச நேரம் நின்னேன்.

அதுக்கு அப்புறம்

ஜீப்புல வீட்டுக்குத் திரும்பினோம். சந்தைமுக்குத் தாண்டினதும் அவதான் கேட்டா.

"புஸ்தகத்துல இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"போன்ல வாசிக்க வச்சுக் கேட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் மன்னிப்புக் கேக்கலாம்னு வாயெடுத்தேன். எனக்கு மன்னிப்புக் கேக்கிறதுகூட நாடகத்துல வர்ற மாதிரி கையைக் கூப்பி, குரலை இழுத்துத்தான் வரும். அப்படி வந்துருமோன்னு பயந்து விட்டுட்டேன். "பரவாயில்லை"ன்னு அவளும் சொல்லல. சொல்லணும்னு நானும் எதிர்பாக்கல.

ஓட்டத்துல யானைக் கதையை நிப்பாட்டிட்டேன். அதுக்குப் பதிலா அந்தச் சாப்பாடு கொண்டு போற பையன் நாவலைச் சொல்றேன். சிரிப்பு பாதிதான் வருது. அவ புஸ்தகத்தை வாங்குறவுககிட்ட, "இதுல நான் வர மாட்டேன், தைரியமா வாங்குங்க"ன்னு சொல்றேன். அது நெசம்னு யாருக்கும் தெரியறதில்லை.

இந்த வாரம் பேசினதை அனுப்புறதுக்கு முன்னால அவகிட்டப் போட்டுக் காமிச்சேன். கடைசி வரைக்கும் கேட்டா. "அனுப்புங்க"ன்னு சொல்லிட்டு அரிசி களையப் போயிட்டா.

அதுக்கு அப்புறம் முந்தாநாள் சாயங்காலம். நான் காந்தல்லூர்லேருந்து வந்த பூண்டை உரிச்சுக்கிட்டு இருந்தேன். அவ அங்கன்வாடியிலேருந்து வந்து, பையைக் கூட மாட்டாம, எனக்கு எதுக்க தரையில உக்காந்தா. மூஞ்சி வெளுத்திருந்துச்சு.

"ஏங்க, இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. எனக்கு இன்னும் பயம் போகல,"ன்னா.

சொல்ல ஆரம்பிச்சா. பாதியில எனக்கு ஒரு கிண்டல் வந்து நாக்கு நுனியில நின்னுச்சு. நல்ல கிண்டல்தான். அதை விட நல்லது நான் இதுவரைக்கும் அடிச்சதில்லை. அவ சொல்லுறதை நிப்பாட்டிட்டு என் மூஞ்சியைப் பாத்தா. நான் பூண்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ மிச்சத்தையும் சொன்னா.

மறுநாள் டீக்கடையில, "என்ன ஹீரோ, வீட்டுல என்ன விசேசம்?"னு கேட்டாய்ங்க. ஒண்ணுமில்லைன்னேன். இதையும் பேசி அனுப்பினதுக்கு அப்புறம் பத்திரிகை ஆபீஸ்லேருந்தும் கேட்டாக, முடிவு பாதியில நிக்குதே, அவுக என்னதான் சொன்னாகன்னு.

அது எங்கிட்ட மட்டும் சொன்னது.